கனம் பார்த்து வாங்கிய எஸ்எஸ்டி

காலை எட்டு நாற்பதுக்கு நரிக்குடியில் பேருந்து ஏறினோம், நானும் என் மகள் கார்த்திகாவும். அருப்புக்கோட்டைக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர். எனக்கு இருபத்து மூன்று ரூபாய் டிக்கெட். அவளுக்குப் பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டு. முப்பது கிலோமீட்டர் போய்வந்ததை எல்லாம் பயணம் என்று எழுத வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தச் சாலையில் நான் ஆறு மாதமாகப் போகவில்லை.

தை மாதம், மதுரையில் கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தவள், அருப்புக்கோட்டையில் ஒரு தோழியைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தாள். திருச்சுழிக்கு முன்னால் ஓர் ஓடைப்பாலம். குறுக்கே வந்த ஆட்டுக்காக பிரேக் பிடித்து விழுந்தாள். வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. நான் போய்ச் சேர்ந்தபோது பாலத்துச் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "ஆட்டுக்கு ஒண்ணும் ஆகலயேப்பா?" என்றுதான் கேட்டாள். இன்றும் தெருவில் எவனாவது சடக்கென்று பிரேக் பிடித்தால் என் கையில் இருப்பது கீழே விழுந்துவிடுகிறது. எனக்கு இருப்பது பாத்திரக்கடை. கீழே விழுந்தால் ஊருக்கே கேட்கும்.

கால் கூடிவிட்டது. ஒரு செமஸ்டர் போயிற்று. அடுத்து வரும் திங்கட்கிழமை கல்லூரி திறப்பு. அவள் போவதற்கு நான் இன்னும் சரி என்று சொல்லியிருக்கவில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், வீட்டிலிருந்தே ஏதாவது படி என்று சொல்லி, சும்மா சொல்லக் கூடாதே என்று, அவள் நெடுநாளாகக் கேட்ட கேமிங் கம்ப்யூட்டரை வாங்கித் தருகிறேன் என்றும் சொல்லியிருந்தேன். விடுதித் தோழிகளோடு இங்கிருந்தே விளையாடலாம், பேசலாம். அந்தக் கம்ப்யூட்டர் அவளை வீட்டில் இருத்தும் என்பது என் எண்ணம். அதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமலும் இல்லை.

ஒவ்வொரு சாமானாகக் கூரியரில் கடைக்கு வந்தது. அண்டாக்களுக்கும் தாம்பாளங்களுக்கும் நடுவில் கம்ப்யூட்டர் பெட்டிகள் அடுக்கியிருந்ததைப் பார்த்து, இதுவும் சீர்வரிசைக்கா என்று ஒருவர் விலை கேட்டார். கடைசியாக மிச்சம் இருந்தது எஸ்எஸ்டி. கம்ப்யூட்டர் தன்னிடம் இருக்கும் அத்தனையையும் எழுதி வைத்துக்கொள்ளும் பொருள் அது. ஆன்லைனில் போலி வருகிறது, நேரில் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றாள்.

"நான் மட்டும் போயிட்டு வாரேன்ப்பா."

"நானும் வாரேன்" என்றேன்.

ஒன்பது மணி பத்து நிமிடம், திருச்சுழி. பேருந்து சிறிது நேரம் நிற்கும். டீ பன்னிரண்டு ரூபாய், சீனி தூக்கல். நடத்துநர் எங்களை அறிந்தவர். தான் குடித்த கண்ணாடித் தம்ளரைக் கழுவிக் கடையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன அண்ணாச்சி, ஆளையே காணோம். சரக்கெல்லாம் லோடு வண்டியிலயே வந்துருதோ?"

"கடைய விட்டு நகர முடியல."

"கடை எங்கயும் ஓடிரப்போகுதா? பாப்பா, காலு எப்படி இருக்கு?"

"நல்லாருக்குண்ணே. அப்பாவுக்குத்தான் இன்னும் கட்டுப் பிரிக்கல."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். டீ ஆறிப்போயிருந்தது.

திருச்சுழியை விட்டதும் இருபுறமும் சீமைக்கருவேலம். இடையிடையே காலி நிலம். கரிமூட்டம் போட்ட இடங்களில் மண் இன்னும் கறுப்பாகத் திட்டுத் திட்டாகக் கிடந்தது. மழை வந்தால் விதைக்கலாம் என்று உழுதுபோட்ட கரிசல் வெடித்துக் காத்திருந்தது. இவ்வளவும் எனக்குத் தெரிந்ததால் எழுதுகிறேன், பார்த்ததால் அல்ல. பாலம் வரப்போகிறது என்று தெரிந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். பேருந்து ஒருமுறை இறங்கி ஏறியது. என் மணிக்கட்டில் ஒரு கை வந்து உட்கார்ந்தது.

"தாண்டியாச்சுப்பா."

கண்ணைத் திறந்தபோது அவள் ஜன்னல் வழியே பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயம் எதுவும் இல்லை. பழகிய இடத்தைப் பார்க்கிற பார்வைதான். அவளைத் தைரியப்படுத்தக் கூட வந்ததாக அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது ஐம்பதுக்கு அருப்புக்கோட்டை. பேருந்து நிலையத்திலிருந்து நடந்தோம். அவள் நடை இன்னும் கொஞ்சம் சாய்வு. இரண்டு தெரு தள்ளிப் போனதும் விசைத்தறிச் சத்தம் தொடங்கியது. நூல் கடைக்கு மேலே, செங்குத்தான பதினெட்டுப் படி ஏறினால் கம்ப்யூட்டர் கடை. படிகளை நான் எண்ணினேன். அவள் எண்ணாமல் ஏறிவிட்டாள்.

கடைக்காரர் மாரிச்சாமிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடி மேசைமேல் மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்தார். மூன்றும் ஒரு டிபி, அதாவது ஆயிரம் ஜிபி கொள்ளும். முதலாவது சீட்டுக்கட்டு அளவில் தட்டையான பெட்டி போன்றது, ஐயாயிரத்து நானூறு. இரண்டாவது சூயிங்கம் பட்டை அளவில் வெறும் பச்சைத் தகடு, ஆறாயிரத்து எண்ணூறு. மூன்றாவது அதே தகடுதான், ஆனால் முதுகில் வரிவரியாக அலுமினியக் கவசம், ஏழாயிரத்துத் தொள்ளாயிரம்.

"இதுதான் எல்லாத்தையும் விடப் பெருசு, விலை கம்மி. இதுல என்ன குறை?" என்று முதலாவதைக் காட்டிக் கேட்டேன்.

"வேகம் கம்மிங்க அண்ணாச்சி. இது மாட்டு வண்டின்னு வச்சுக்கிட்டா, அந்த ரெண்டும் நாலுவழிச் சாலையில போற காரு. இவுக சொல்ற மதர்போர்டுல அதுக்குன்னே இடம் இருக்கு. நேரா சொருகிக்கிரலாம்."

"ஒரு டிபி எதுக்கு? பாதி போதாதா?"

"ஒரு கேமே நூத்தம்பது ஜிபி இருக்குப்பா" என்றாள் கார்த்திகா. "பாதின்னா மூணு கேமுலயே வீடு நெறஞ்சிரும்."

நாங்கள் மூன்று தலைமுறையாகப் பாத்திரம் விற்பவர்கள். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் குடத்தை முதலில் தூக்கிப் பார்ப்பார்கள். பிறகு விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். கனமாக இருந்து, ஓசை நின்று ஒலித்தால், பிறகுதான் விலை. மனைவிக்கு மோதிரம் எடுக்கும்போதும் நான் இதைத்தான் செய்தேன். இப்போதும் இரண்டாவதைத் தூக்கினேன். காற்றைத் தூக்கியது போலிருந்தது. மூன்றாவதைத் தூக்கினேன். உள்ளங்கையில் சற்று உட்கார்ந்தது. முட்டியால் ஒரு தட்டுத் தட்டினேன்.

"அண்ணாச்சி, அது குடம் இல்ல" என்றார் மாரிச்சாமி.

"கரண்டு போனா?"

"எங்க ஊருல காலையில எல்லாத் தறியும் ஒண்ணா ஓடும்போது பல்பே கண்ணு சிமிட்டும். ஒரு யூபிஎஸ் போட்டுருங்க."

"சூடானா?"

"அந்தக் கவசம் அதுக்குத்தான். பாப்பா, ஒங்க போர்டுலயே சூடு தாங்குற மூடி இருக்கா?"

"பாத்துக்கிரலாம்ண்ணே" என்றாள்.

அதற்குப் பிறகு, கேட்கத் தேவையில்லாத ஒன்றைக் கேட்டேன்.

"கீழ விழுந்தா என்னாகும்?"

"பழைய ஹார்டு டிஸ்க்குன்னா உள்ள தட்டு சுத்தும். ஓடும்போது விழுந்தா போச்சு. இதுல அசையுற சாமானே கெடையாது. சும்மா விழுந்தா ஒண்ணும் ஆகாது."

"ஓடிக்கிட்டு இருக்கும்போது விழுந்தா?"

"ஒண்ணும் ஆகாதுங்க."

"வேகமா விழுந்தா?"

மாரிச்சாமி என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். கார்த்திகா பெட்டியில் அச்சடித்திருந்ததைப் படித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"மேசைய விட்டு எங்கயுமே போகாத சாமான், விழுந்தா என்ன விழாட்டா என்னப்பா?"

எதையாவது செய்ய வேண்டும் என்று, கனமானதையே பில் போடச் சொன்னேன். ஐந்து வருஷ வாரண்டி. சரிப்பட்டு வராவிட்டால் ஏழு நாளுக்குள் மாற்றித் தருவதாக மாரிச்சாமி சொன்னார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மதியம் எண்ணெய்ப் பரோட்டா, ஆளுக்கு மூன்று. ஒரு மணி இருபது நிமிடத்துக்குத் திரும்பும் பேருந்து. இந்த முறை பாலத்தில் ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தேன். தண்ணீர் இல்லாத ஓடை. சுவரில் யாரோ புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். சுவர் நான் நினைவில் வைத்திருந்ததைவிடக் குட்டையாக இருந்தது.

சாயங்காலம் கடையின் பின்னறையில், மற்றச் சாமான்களை மாட்டியிருந்த கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிறிது நேரத்தில் கூப்பிட்டாள். போர்டில் அதற்கான இடத்துக்கு மேலேயே ஒரு மூடி இருந்தது. அதைக் கழற்றிவிட்டு என் கவசத் தகட்டை வைத்தால், பக்கத்திலிருக்கும் பெரிய காற்றாடியில் இடித்தது. இன்னோர் இடம் இருந்தது. அங்கே வைத்தால் கிராபிக்ஸ் கார்டு உட்காரவில்லை. பெரிய அண்டாவைச் சின்ன வாசல் வழியாக உள்ளே கொண்டுபோகப் பார்ப்பவன்போல நான் அதைத் திருப்பித் திருப்பிப் பிடித்தேன்.

"கனமானதா எடுத்துட்டேன்" என்றேன்.

"மாத்திக்கிரலாம்ப்பா. நாளைக்குப் போயிட்டு வாரேன்."

மறுநாள் ஒரு கல்யாண வீட்டுக்குச் சீர்ப் பாத்திரம் முழுவதும் எடை போட்டுக் கொடுத்தாக வேண்டும். நான் கடையை விட்டு நகர முடியாது. இந்த முறை அது உண்மை. என் மனைவி சாப்பாட்டுத் தட்டை வைத்தபடி, "அவ போயிட்டு வரட்டும். நீங்க போயி எந்தப் பஸ்ஸத் தாங்கிப் பிடிக்கப் போறீக?" என்றாள். மறுத்துச் சொல்ல வாய் திறந்தேன். சோற்றைப் போட்டுக்கொண்டேன்.

இனி எழுதப்போவது நான் போகாத பயணம். அவள் அனுப்பிய செய்திகளிலிருந்து நேரம் குறித்திருக்கிறேன்.

எட்டு நாற்பது: ஏறிவிட்டாள். ஜன்னல் சீட்டு.

ஒன்பது பன்னிரண்டு: திருச்சுழி. டீ குடிக்கவில்லை, சீனி ஜாஸ்தி.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நான் பித்தளைத் தவலையைத் தராசில் வைத்துவிட்டு எடையைப் பார்க்க மறந்து நின்றேன். கல்யாண வீட்டுக்காரர், "அண்ணாச்சி, எவ்வளவு காட்டுது?" என்று இரண்டு முறை கேட்டார். ஒன்பது முப்பத்தொன்றுக்குச் செல்பேசி அதிர்ந்தது.

"பாலத்துல ஆடு. பஸ்ஸு நின்னு வழி விட்டுச்சு. பதினாலு ஆடு. எண்ணிட்டேன்."

"நாலு கிலோ இருநூறு" என்று கல்யாண வீட்டுக்காரரிடம் சொன்னேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

இரண்டு மணிக்குக் கடை வாசலில் வந்து இறங்கினாள். கையில் வெறும் பச்சைத் தகடு, மிச்சப் பணத்தில் கால் கிலோ சீரணி மிட்டாய். மாட்டுவதற்கு முன் அதை வாங்கி என் தராசில் வைத்தேன். அண்டாவும் குத்துவிளக்கும் நிறுத்துப் பழகிய தராசு. பூஜ்யம் காட்டியது. அவள் சிரித்தாள்.

"நேத்துக் கடையிலயே தெரியுமா ஒனக்கு, அது பொருந்தாதுன்னு?"

"பெட்டியிலயே உயரம் போட்டிருந்துச்சேப்பா."

"அப்பவே சொல்ல வேண்டியதுதான?"

"தூக்கிப் பாத்து ஆசையா எடுத்தீக." மிட்டாயைப் பிட்டு என் கையில் வைத்தாள். "அதும்போக, எனக்கு இன்னொரு தடவ, தனியாப் போகணும்போல இருந்துச்சு. நீங்க கடையில இருக்கும்போதே போயிட்டு வந்து காட்டணும்ல."

ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. பொத்தானை அழுத்தி நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் திரை வந்துவிட்டது. உள்ளே ஏதாவது ஓடுகிறதா என்று காது வைத்துக் கேட்டேன். காற்றாடிச் சத்தம் தவிர வேறில்லை.

"திங்கக்கிழமை எத்தன மணிக்குப் பஸ்ஸு?" என்றேன்.

அவள் திரையிலிருந்து மெதுவாகத் திரும்பினாள். "ஆறு பத்து."

"இந்தக் கம்ப்யூட்டரு?"

"இங்கதான் இருக்கும். லீவுக்கு வாரேன்ல."

திங்கட்கிழமை காலை நரிக்குடியில் லேசான தூறல், மண் நனையும் அளவுக்குக்கூட இல்லை. அருப்புக்கோட்டை போகும் ஆறு பத்து வண்டி ஆறு பதினைந்துக்கு வந்தது. பையை ஏற்றிவிட்டேன். அதே நடத்துநர். என்னைப் பார்த்து, "ஏறுங்க அண்ணாச்சி" என்றார்.

"நான் வரல" என்றேன்.