பார்த்தேன் என்று எழுதினேன்

என் அலமாரியில் ஒரு மூங்கில் குழல் இருக்கிறது. ஒரு முழம்கூட இராது. ஒரு பக்கம் கணு, மறு பக்கம் துணி அடைப்பு. மழையில் நனையாமல் மனுவை அதற்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, கொல்லிமலைக் குண்டனி நாட்டிலிருந்து ஒரு அம்மாள் எங்கள் தாலுகா கச்சேரிக்கு நடந்து வருவார். மலைக்கு அப்போது ரோடு கிடையாது. வெள்ளைக்காரர் ஆட்சி; நான் குமாஸ்தா. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கல்லுக்காரம்மா. சர்க்கார் காட்டின் எல்லைக் கல்லை யாரோ அவருடைய சாமைக் கொல்லைக்குள் நட்டுவிட்டார்கள். புருஷனை இழந்தவருக்கு இருந்த நிலம் அது ஒன்றுதான். "வந்து ஒருக்கா பாருங்க சாமி." மூன்று வருஷமும் அவர் கேட்டது இவ்வளவே.

பார்ப்பதற்கு இங்கிலீஷில் 'ஸீ' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் முதலில் படித்த வினைச்சொற்களில் ஒன்று. பூனையைப் பார், பந்தைப் பார் என்று தொண்டை வறளக் கத்தினோம். ஆளைச் சந்தித்தாலும் அதுதான், விஷயம் புரிந்தாலும் அதுதான் என்று வாத்தியார் பிரம்போடு சொல்லிக்கொடுத்தார். அதன் இன்னொரு உபயோகம் கச்சேரிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. காகிதத்தின் ஓரத்தில் 'ஸீன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் பார்த்தாயிற்று என்று அர்த்தம். யார் பார்த்தது, எதைப் பார்த்தது என்று எவரும் கேட்பதில்லை. எழுதி எழுதி எனக்குக் கையே சலித்துப் போயிருந்தது. அவருடைய முதல் இரண்டு மனுக்களும் அப்படித்தான் கட்டுக்குள் போயின.

மூன்றாவது மனுவுக்கு, நேரில் போய்ப் பார்த்து எழுது என்று எனக்கு உத்தரவு. வருகிற நாளை மிளகு வியாபாரி ஒருவர் மூலம் அந்த அம்மாளுக்குச் சொல்லியனுப்பினேன். மலையடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் போகவும் செய்தேன். அதற்கு முந்தின மாதம்தான் எங்கள் சேவகர் மலைக்குப் போய்வந்து காய்ச்சலில் செத்துப்போயிருந்தார். எனக்கோ வீட்டில் கைக்குழந்தை. மலையை அண்ணாந்து பார்த்தேன். பயம் வந்துவிட்டது, சொல்வதற்கென்ன. வியாபாரியின் கடையில் மோர் வாங்கிக் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: ஸீன். கல் சரியான இடத்தில் இருக்கிறது.

கொஞ்ச நாளில் அவர் வந்தார். முகத்தில் கோபமே இல்லை.

"வழி தப்பிப் போச்சுங்களா சாமி? பாதையில முள்ளெல்லாம் வெட்டிப் போட்டு, ரெண்டு நாளு கல்லுக்கிட்டயே உக்காந்திருந்தேனுங்க" என்றார். தமக்கு வந்த உத்தரவைக் குழலிலிருந்து எடுத்து நீட்டினார். படித்துக் காட்டினேன்.

"பாத்தேன்னு எழுதியிருக்குதுங்களா?"

"ஆமாங்கம்மா."

"அப்ப நாந்தானுங்க உங்களப் பாக்காம உட்டுட்டேனாட்டம் இருக்குது."

குத்திச் சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். தலைமைக் குமாஸ்தா வேறு எங்களையே கவனித்துக்கொண்டிருந்தார். "உத்தரவு ஆயிப்போச்சுங்கம்மா, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன். "அப்ப இதும் எனக்கெதுக்குங்க" என்று குழலை என் மேஜைமேல் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். அந்த வருஷமே கொல்லை காட்டோடு சேர்ந்துவிட்டது.

இப்போது காரவள்ளியிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மலையேறிவிடலாம். ஒரு நடை போய்வரலாம் வாங்கப்பா என்று மகன் வருஷா வருஷம் கூப்பிடுகிறான், அன்று கைக்குழந்தையாக இருந்தவன்தான். முழங்கால் வலி என்கிறேன். குழலைத் துடைத்து அலமாரியில் திரும்ப வைக்கிறேன். அந்தக் கல்லை நான் இன்னும் பார்க்கவில்லை.