ஓடைக்கரையில் எரிந்த ஓலை

போன வாரம் யட்டியாந்தோட்டையில் மழைக்காக ஒரு தேத்தண்ணிக் கடையில் ஒதுங்கியபோது, கூரையில் வேய்ந்திருந்த தாளிப்பனை ஓலை நனைந்து கிளம்பிய மணம் என்னை ஒன்பது வயதுக்குத் தள்ளிவிட்டது.

எங்கள் றப்பர் தோட்டத்துக்குக் கீழே, ஆற்றங்கரையில், இந்த ஓலையைக் கவிழ்த்துத்தான் தெலுங்கு பேசும் குறவர்கள் கூடாரம் போடுவார்கள். கழுதைகள் மேய்ந்து கிடக்கும், நாய்கள் முள்ளம்பன்றி வளையை மோந்து திரியும், சுள்ளிப் புகைக்குள் காட்டுக்கிழங்கு வேகும், ஏழு நாளுக்கு மேல் ஓரிடத்தில் தங்காத அவர்கள் அடுத்த இடத்தை வெளியாளுக்குச் சொல்லவே மாட்டார்கள்.

என் வயதுக்காரி நரசம்மா எனக்குச் சொன்னாள். "கல்லுமலைக்கு அந்தப் பக்கம், ஓடைகிட்ட. யாருக்கும் சொல்லிடாத."

தோட்டத்துக் காவல்காரரான அப்பா அன்று மாலை என் தலையைத் தடவினார். "பாவம்மா, புள்ளகுட்டியோட அலையிறாங்க. எங்க போறாங்கன்னு சொல்லு, அரிசி கொண்டுபோய்க் குடுப்போம்."

சொல்லிவிட்டேன்.

அவர்கள் கிளம்பிய மறுநாள் காலை, அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்து, நானே பாவாடை மடியில் அரிசியை அள்ளிக்கொண்டு மலையேறினேன். ஓடைக்கரையில் ஆளில்லை. பாதி எரிந்த ஓலைகள் பனியில் நனைந்து இதே மணத்தோடு கிடந்தன. பக்கத்தில் தடியால் அடிபட்டுச் செத்த ஒரு நாய்.

திரும்பி வந்தபோது அப்பா எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் நின்றிருந்தார். "கூட்டத்தயே வெரட்டியாச்சு, தோட்டத்துத் துரைகிட்ட எனக்கு நல்ல பேரு வாங்கித் தந்துட்டம்மா!" என்று எல்லோரும் பார்க்க என்னைத் தூக்கிக் கொஞ்சினார்.

மடியிலிருந்த அரிசி அவர் காலடியில் கொட்டியது.