வியாழக்கிழமை தெற்கே சூலம்

எனக்குப் பொறுமை கிடையாது. என் கணவருக்கு அது அளவுக்கு மீறி உண்டு. பொன்மலை ரயில்வே பணிமனையில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், நெஞ்சில் இரண்டு இடத்தில் அடைப்பு என்று புத்தூர் டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னபோதுகூட, "அப்படிங்களா" என்று தலையாட்டினார். எனக்குத்தான் நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு வந்துவிடுங்கள், ஸ்டென்ட் வைத்துவிடலாம், தள்ளிப் போடாதீர்கள் என்றார் டாக்டர். அதை விட்டால் அவர் வெளிநாடு போய்த் திரும்ப இரண்டு வாரம் ஆகும்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்ததும் என் கணவர் நேராகச் சமையலறைக்குப் போய்த் தினசரி காலண்டரைப் புரட்டினார்.

"வியாழக்கிழமை தெற்கே சூலம். புத்தூர் நமக்குத் தெற்கு. டாக்டர் திரும்பி வந்தப்புறம் பாத்துக்கலாமே."

"தைலம் தேய்ச்சுட்டுப் போங்க. பரிகாரம்னு அதுலயே போட்டிருக்கு."

"அது கல்யாணம் காட்சிக்குப் போறவங்களுக்கு. நான் நெஞ்சைக் கொடுக்கப் போறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதற்கு என் மேஜை மேல் இருந்த தாள்களும் ஒரு காரணம். ஜப்பானிய இயந்திரங்களின் கையேடுகளைத் தமிழாக்கிப் பிழைத்தவள் நான். அந்த மொழி தந்த தைரியத்தில், பல நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த நாட்டு அரண்மனையில் வாழ்ந்த பெண்களைப் பற்றி இரண்டு வருஷமாக ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்துத் தலைநகரவாசிகளுக்கும் சூலம் உண்டு. ஒரு தெய்வம் முறை வைத்து ஒவ்வொரு திசையிலும் சில நாள் தங்கும். அது தங்கியிருக்கும் திசையில் போகக் கூடாது. போயே ஆக வேண்டுமென்றால், முதல் நாளே வேறு திசையில் ஒரு வீட்டுக்குப் போய்த் தங்கி, மறுநாள் அங்கிருந்து கிளம்புவார்கள். இப்போது போகும் திசை மாறிவிட்டதல்லவா, தெய்வத்துக்கும் குறையில்லை. கணவன் வந்து போகும் வழக்கமுள்ள அந்த ஊரில் தனி வீட்டில் காத்திருக்கும் மனைவிக்கு, "இன்று உன் வீட்டுத் திசை அடைபட்டிருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டு வராமலிருந்த கணவன்மார்களும் இருந்தார்கள். அந்தப் பெண்களின் பக்கம் நின்று, இது முழுக்க ஆண்களின் சாக்கு என்று ஒரு அத்தியாயமே எழுதி வைத்திருந்தேன். என் வீட்டிலேயே அதற்கு ஒரு சான்று கிடைத்துவிட்டது என்றுதான் அன்று நினைத்தேன்.

"அப்ப ஜப்பான்காரங்க மாதிரி பண்ணுங்க," என்றேன். "புதன்கிழமையே காந்தி மார்க்கெட்டுக்குப் போய்த் தங்குங்க. அங்கேருந்து புத்தூர் மேற்கே. எந்தச் சூலமும் உங்களைத் தொடாது."

குத்தலாகத்தான் சொன்னேன். அவர் மறுபடி காலண்டரைப் பார்த்தார். புதன்கிழமை வடக்கே சூலம், தெற்கே இருக்கும் மார்க்கெட்டுக்குப் போகலாம். வியாழன் தெற்கேதான் சூலம், அங்கிருந்து மேற்கே போகலாம்.

"சரியா வருதே," என்றார். "இது எந்தக் காலத்து ஆளுங்க கண்டுபிடிச்சது?"

இரண்டு வருஷத்தில் என் புத்தகத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. நான் பெட்டியை இழுத்துத் துணி அடுக்கினேன்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் அவரோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் மனைவியோடு மாடி வீட்டில் இருக்கிறார். புதன்கிழமை சாயங்காலம் போய் இறங்கினோம். காரணத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பட்டும் படாமலும் ஆரம்பித்தேன். நண்பர், "சூலமா, அதுவும் சரிதான்" என்பதோடு விட்டுவிட்டார். அவர் மனைவி, "வெறும் வயித்தோட போகணும்ல, இப்பவே சாப்பிட்டுருங்கண்ணே" என்று ஏழு மணிக்கே இட்லி வைத்தார். தங்கள் கட்டிலைக் கொடுத்துவிட்டு அவர்கள் கூடத்தில் படுத்தார்கள். அந்த அத்தியாயத்தில் இப்படி இடம் கொடுத்த வீட்டுக்காரர்களைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

விடிந்தபோது கீழே வெங்காய மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. சுமைதூக்கும் ஆட்கள் வழி கேட்டுக் கத்திக்கொண்டு போனார்கள். நான் நான்கு முறை பையைத் திறந்து ரிப்போர்ட்டுகள் இருக்கின்றனவா என்று பார்த்தேன். மாடிப்படியில் இறங்கினேன், ஏறினேன். அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஸ்கூலுக்குப் போகிற பிள்ளை மாதிரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஏழு மணிக்கு ஆட்டோ வந்தது. நூறு அடி போவதற்குள் நின்றது. குறுக்கே ஒரு லாரி, அதன் பின்னால் இன்னொன்று. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

"நேரா விட மாட்டாங்கம்மா. பாலக்கரைப் பக்கம் போய்ச் சுத்திக்கிறேன்."

பாலக்கரை தெற்கே இருக்கிறது. ஆட்டோ இடது பக்கம் ஒடிந்தது. வெயில் என் இடது கன்னத்தில் விழுந்தது. அவ்வளவுதான், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே முன்னால் சாய்ந்து டிரைவரின் தோளைப் பிடித்துவிட்டேன்.

"நிறுத்துங்க. தெற்கால போகாதீங்க. வேற வழி பாருங்க."

"வேற வழி இல்லம்மா."

"லாரி நகர்ற வரைக்கும் நிப்போம். நான் காசு கூடத் தரேன். தெற்கால மட்டும் வேண்டாங்க."

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். என் கணவர் டிரைவர் தோளிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது. என் பயத்துக்குக் குறையாத பயம் அதில் இருந்தது. அது முதல் நாளிலிருந்தே அங்கே இருந்திருக்க வேண்டும். நான்தான் அதைச் சாக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நீங்க போங்க தம்பி," என்றார் டிரைவரிடம். "எட்டு மணிக்கு டாக்டர் வந்துருவாரு."