பதினோரு படகும் ஒரு பாஸ்வேர்டும்

வெப்சைட் செய்துகொடுக்க நான்கு நாள் போதும். அதன் பாஸ்வேர்டைச் சொந்தக்காரர்களிடமிருந்து காப்பாற்ற ஆயுசு போதாது. இதே தொழிலில் தலையிலடித்துக்கொள்ளும் சக ஜீவன்களே, ஆரம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் என் கதையையும் கேளுங்கள். ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பதினோரு படகுக்காரர்கள் சேர்ந்து, நண்டையும் இறாலையும் நேராகச் சென்னை வீடுகளுக்கு விற்க வெப்சைட் கேட்டார்கள். செய்துகொடுத்தேன். வியாபாரம் பிடித்துக்கொண்டது. இனிமேல் கரையில் மீனுக்கு விலை வைக்கும் ஏலக்காரர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டாம் என்று அவர்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

தொலையாத இடம்

"பாஸ்வேர்டைத் தொலையாத இடத்தில் வையுங்கள்" என்று தலைவர் எத்திராஜிடம் சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் கரைக்குப் போனால், அவர் படகின் பக்கவாட்டில், பதிவு எண்ணுக்குக் கீழே, வெள்ளை பெயின்டில் என் பாஸ்வேர்டு! பறவை பார்க்க வந்த கூட்டம் அதன் முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தது. "இப்படியா ஊருக்கே காட்டுவீர்கள்?" என்று கத்தினேன். எத்திராஜ் நிதானமாகச் சொன்னார்:

"போனு தண்ணில வுயும், பேப்பரு நனையும். படகு எங்கம்மா தொலையப் போவுது?"

முறை வைத்துக் காவல்

பாஸ்வேர்டை மாற்றி, "இனி ஒரே ஒருவர்தான் வைத்திருக்க வேண்டும்" என்றேன். உடனே ஊர்க்கூட்டம். அந்த ஏரியில் நல்ல இடத்தில் வலை போடும் உரிமை யாருக்கும் நிரந்தரமில்லை. ஒவ்வொரு குழுவும் முறை வைத்துப் போட வேண்டும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாஸ்வேர்டுக்கும் பாடு போட்டுவிட்டார்கள்! நாளுக்கு ஒரு வீடு. மாதக்கணக்கில் இப்படியே ஓடியதில், பதினோரு போனிலும் கணக்கு திறந்து கிடந்தது. "பாடு முடிந்ததும் லாக்அவுட் செய்யுங்கள்" என்று வீடு வீடாகக் கத்தினேன். எத்திராஜின் தங்கை தேசம்மா நண்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்:

"ஒரே ஆளு கையில குட்த்தா அவன் வெச்சதுதான் சட்டம்னு ஆய்டும். எங்க ஏரில அதெல்லாம் நடக்காதுக்கா."

நான் போட்ட பூட்டு

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல், புதிதாக யார் உள்ளே நுழைந்தாலும் என் போனுக்கு ஓடிபி வரும்படி செய்துவிட்டேன். வெப்சைட்டின் பெயரை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், விட்டால் கைமாறிவிடும். அந்தப் பெயர் எப்போது காலியாகும் என்று ஏலக்காரர் ஏற்கெனவே என் கடையில் விசாரித்துவிட்டுப் போயிருந்தார். நான் பூட்டுப் போட்ட மறுநாள்தான் அதற்குக் கடைசி நாள்; புதுப்பிக்க உட்கார்ந்தேன். ஓடிபி போனது, கணக்கில் மாற்றாமல் விட்டிருந்த, நான் இரண்டு மாதம் முன்பு தூக்கிப்போட்ட பழைய நம்பருக்கு.

உதவி மையத்தில் பத்து நாள் ஆகும் என்றார்கள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு குப்பத்துக்கு ஓடினேன். எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லும்போது அழுகையே வந்துவிட்டது. ஒவ்வொரு போனாக வாங்கிப் பார்த்தேன். பத்து பேர் என் பேச்சைக் கேட்டு ஒழுங்காக லாக்அவுட் செய்திருந்தார்கள், பாவிகள். பதினோராவதாக, செதில் ஒட்டிய தேசம்மாவின் போன். அதில் மட்டும் கணக்கு திறந்தே இருந்தது.

ஐந்து நிமிஷத்தில் பெயர் பிழைத்தது. என் நம்பரை எடுத்துவிட்டு எத்திராஜ், தேசம்மா இருவர் நம்பரையும் போட்டேன். "பாத்தியாக்கா, உன் பேச்ச நானும் கேட்டிருந்தா?" என்று தேசம்மா சிரித்தாள். திட்டு விழும் என்று நான் காத்திருந்தேன். எத்திராஜ் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்:

"ஒண்டியா வெச்சிக்கினதுதாம்மா உன் தப்பு. வர்ற வியாயக்கெயம உன் பாடு, மறக்காம வந்துடு."

ஆக, பூட்டுப் போட்டுக் காவல் காக்கப் போன நான், இப்போது அந்தக் குப்பத்து வரிசையில் பன்னிரண்டாவது ஆளாக நின்று, பாடு முடிந்ததும் ஒழுங்காக லாக்அவுட் செய்துவிட்டு வருகிறேன்.