எத்தனை கொழந்தை?

எங்கள் வேலையில் முதல் கேள்வி அதுதான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவோம். "எத்தனை கொழந்தைம்மா?" பதில் வந்த பிறகுதான் தடுப்பூசி, சத்து மாத்திரை, ஆபரேஷன் ஆயிடுச்சா என்ற விசாரணை எல்லாம். மரக்காணத்தைச் சுற்றியுள்ள உப்பளத்து ஊர்களிலும் குப்பங்களிலும் கிராம நர்ஸாக இருந்த பதினோரு வருஷமும் அந்தக் கேள்வியோடுதான் மொபெட்டில் சுற்றினேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. வாய் இல்லாதவள் இந்த வேலைக்கு வந்தால் ஊசியை எடுப்பதற்குள் ஊரே உப்பளத்துக்குப் போய்விடும். பேசிப் பேசியே பெண்களைக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு அழைத்துப் போவேன். இத்தனை பேரையாவது கூட்டி வா என்று மேலிருந்து நெருக்கிக்கொண்டே இருப்பார்கள்.

அப்படி நான் அழைத்துப் போனவர்களில் ஒருத்தி, எக்கியார்குப்பத்துக்குப் பக்கத்துக் குப்பம். புருஷன் போட்டில் போகிறவன். இவள் சீசனில் உப்பு வாரப் போவாள். மூத்தது பெண், நாலு வயது. அடுத்தது பையன், ஏழு மாதம். "இன்னொண்ணு இருக்கட்டுமே நர்ஸம்மா" என்று இழுத்தாள். "ரெண்டும் தங்கமாட்டம் இருக்குது, போதாதா?" என்று அடித்துப் பேசி வேனில் ஏற்றிவிட்டேன். அவளை உள்ளே கொண்டுபோன நேரம் முழுக்க அந்தப் பையன் என் மடியில்தான் இருந்தான்.

இரண்டு வருஷம் கழித்து, அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஊருக்குள் வந்தது. அவள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். பிள்ளைகள் கரையோரம் விளையாடிக்கொண்டிருந்தன. இரண்டுமே போய்விட்டன.

2005 ஜனவரியில் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி முகாம். பெண்கள் வரிசையாக வருகிறார்கள், நான் ரிஜிஸ்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு எழுதுகிறேன். எதிரே ஒரு கை நீண்டது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டேன்: "எத்தனை கொழந்தைம்மா?" நீண்ட கை அப்படியே நின்றது. "சொல்லும்மா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்று ஒரு அதட்டலும் போட்டேன். அப்புறம்தான் நிமிர்ந்தேன். அவள்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். கையை மெதுவாக இழுத்துக்கொண்டு, ஊசி போட்டுக்கொள்ளாமலே போய்விட்டாள். அந்த நிமிஷம் என் வாயில் மண் விழுந்திருக்கக் கூடாதா!

அதற்குப் பிறகு அவள் எங்கேயும் வரவில்லை. நிவாரண அரிசிக்கு வரவில்லை, டாக்டரிடம் வரவில்லை. தங்கக் கொடுத்திருந்த தார்ஷீட் கொட்டகையில் என் மொபெட் சத்தம் கேட்டாலே கதவை இழுத்துச் சாத்திக்கொள்வாள். அவள் புருஷன்தான் ஒருநாள் ரோட்டில் நிறுத்திச் சொன்னான். "நீங்க மட்டும் இல்ல நர்ஸம்மா. வர்றவங்க எல்லாரும் அதயேதான் கேக்குறாங்க. எத்தனை பேரு போனாங்க, எப்பிடிப் போனாங்க, அப்ப நீ எங்க இருந்த. ஒவ்வொரு தடவயும் சொல்லிட்டு வந்து ரெண்டு நாளு சோறு துண்ண மாட்டறா."

அப்போ நீ எங்கே இருந்தாய். குழாயடியில் நின்றிருந்த ஒருத்தியிடம் போய் இதைக் கேட்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பாதிக் கோபம் என் மேல்தான்.

அந்த வாரமே ரேஷன் கடைக்காரரையும், பால்வாடி டீச்சரையும், ஊர்த் தலையாரியையும் பால்வாடி வராந்தாவில் உட்காரவைத்தேன். யாரும் உத்தரவு போடவில்லை. டீ என் செலவு. "போனவங்க வீட்டுல இனிமே யாரும் எதையும் கேக்காதீங்க. ஒரு தடவ, ஒரே ஆளு கேட்டு எழுதிக்கலாம். வேணுங்கறவங்க அந்தப் பேப்பரைப் பாத்துக்கலாம்" என்றேன்.

ரேஷன் கடைக்காரர் முறுக்கிக்கொண்டார். "ஏம்மா, நான் இன்னா வம்புக்கா கேக்குறேன்? கார்டுல பேரை அடிக்கணும்னா கேட்டுத்தான ஆவணும்?"

"அவங்க கண்ணு முன்னாடி அடிக்கணும்னு ரூல் இருக்குதா?"

அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "இல்லதான்" என்றார்.

பால்வாடி டீச்சர் ஒரு படி மேலே போனார். மதியச் சாப்பாட்டு மணி அந்தக் கொட்டகை வரை கேட்கும் என்று மணி அடிப்பதையே விட்டுவிட்டார். குழந்தைகளைக் கை காட்டியே கூப்பிட்டார். தலையாரி அந்தத் தெருவில் குரலை இறக்கிப் பேசினார். ஊரே பூனை மாதிரி நடக்கப் பழகிவிட்டது. எனக்கு ஒரே பெருமை. இப்போதெல்லாம் இந்த மாதிரி வேலைக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பேர் வைத்து ஏசி ரூமில் டிரெயினிங் கொடுக்கிறார்கள். எங்களுக்கு அன்றைக்கு டீயும் பயமும்தான் இருந்தது.

வெயில் ஏறிய மாதத்தில் டாக்டர் கூப்பிட்டார். ஆபரேஷன் செய்துகொண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு, கட்டியதைத் திரும்ப இணைத்துவிடும் ஆபரேஷனை இலவசமாகச் செய்கிறார்களாம். பட்டியல் வேண்டும் என்றார். அதற்கு ஒரு பாரம் நிரப்ப வேண்டும். முதல் கேள்வி என்ன என்று நான் சொல்ல வேண்டுமா? பழைய ஆபரேஷன் விவரமும் கேட்டிருந்தது. அவளிடம் இருந்த அட்டை தண்ணீரோடு போய்விட்டதால் பழைய ரிஜிஸ்டரைத் தேடி எடுத்தேன். அவள் வரிசையில் கடைசிக் கட்டம், 'அழைத்து வந்தவர்'. அதில் என் கையெழுத்து, சுழித்து இழுத்து, ரொம்பச் சந்தோஷமாகப் போட்ட கையெழுத்து. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

இதை எந்த வாயால் போய்ச் சொல்வேன்? பாரத்தைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமைதோறும் உப்பளத்துக்குப் போனேன். அவள் மறுபடி உப்பு வார வந்திருந்தாள். கடல் பக்கம் முதுகைக் காட்டியே நின்று வாருவாள். சாப்பாட்டு நேரத்தில் நான் போய் வரப்பில் உட்காருவேன், ஒன்றும் பேச மாட்டேன். முதல் வாரம் எழுந்து அடுத்த பாத்தி வரப்புக்குப் போய்விட்டாள். இரண்டாவது வாரமும் அதேதான். பேசாமல் இருப்பது எனக்கு ஜுரம் வந்த மாதிரி இருக்கும், ஆனாலும் இருந்தேன். நாலாவது வாரம் எழுந்து போகவில்லை. தூக்குவாளியை மூடிவிட்டு, உப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில எம்புள்ள உங்க மடியிலதான இருந்தான்?"

"ஆமாம்மா."

"இன்னா பண்ணான்?"

 நோகாத வார்த்தையாக ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

"நீங்களுமா? என்னப் பாத்தா ஊரே வாய மூடிக்குது. ரேஷன் கடைல ஒரு வார்த்த இல்ல. டீச்சர் பெல்லு கூட அடிக்கறது இல்ல. இருந்த போட்டோவும் தண்ணில போச்சு. எம்புள்ளைங்க பேர யாருமே சொல்ல மாட்டறாங்க. நான் பெத்ததே பொய்யின்ற மாதிரி இருக்குது நர்ஸம்மா. சொல்லுங்க, இன்னா பண்ணான்?"

பூனை நடை நடந்து நாங்கள் சாதித்தது இதுதான். கேட்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பிள்ளைகளை ஊரில் இல்லாமல் ஆக்கியிருந்தோம்.

"எம்புதுச் சேலையில ஒண்ணுக்குப் போனான்" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "போனானா?"

"போனானாவா? மூணு தடவ! அப்புறம் இந்த வாட்ச் வாரப் புடிச்சான் பாரு, விடவே மாட்டேன்னுட்டான். வெரல் வெரலா பிரிக்க வேண்டியதாப் போச்சு." மணிக்கட்டை நீட்டிக் காட்டினேன். அன்று கூடவே வந்திருந்த மூத்தவளைப் பற்றியும் சொன்னேன். வார்டில் ஒரு கட்டில் விடாமல் போய், எங்கம்மாவுக்கு வயித்துல தையல் போடறாங்க என்று சொல்லிச் சொல்லி, ஆளுக்கொரு துண்டு பன் வசூல் செய்தவள். அதைக் கேட்டு இவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. நானும் அழுதேன். நர்ஸ் அழக் கூடாது என்பார்கள், போகட்டும்.

"நான்தானம்மா உன்ன இழுத்துகினு போனேன்" என்றேன்.

"நீங்க இழுத்தா நான் வந்துடுவனா? நானுந்தான் வந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கோவம் இருந்துச்சு. இப்பக் கூட கொஞ்சம் இருக்குது."

"இருக்கட்டும்மா" என்றேன்.

அடுத்த செவ்வாய் மறுபடி அதே வராந்தா, அதே டீ. நான் சொன்னதில் பாதி தப்பு என்று மூன்று பேரிடமும் ஒப்புக்கொண்டேன். குடைந்து கேட்கக் கூடாது, ஆனால் அவளாகப் பேசினால் ஓடக் கூடாது. டீச்சர் அவளிடமே போய், மணி அடிக்கவா என்று கேட்டார். "அடிங்க டீச்சர், எம்பொண்ணு அந்த பெல்லுக்குத்தான் ஓடும்" என்றாளாம். ரேஷன் கடைக்காரர் ஒருநாள் சர்க்கரையை நிறுத்துக்கொண்டே, "ஒம்பொண்ணு இங்க வந்து கைய நீட்டும், ஒரு சிட்டிகை போட்டாத்தான் போவும்" என்றிருக்கிறார். அவள் சர்க்கரை வாங்கிய பிறகும் கடையில் வெகுநேரம் நின்றிருந்தாளாம்.

அதற்குப் பிறகுதான் பாரத்தை வெளியே எடுத்தேன். விஷயத்தைச் சொல்லி, "வேணும்னாலும் சொல்லு, வேணாம்னாலும் சொல்லு. நான் கேக்க மாட்டேன்" என்றேன். கேட்கவும் இல்லை. மழைக்காலம் போய், 2006 பொங்கலும் போனது. ஒருநாள் காலையில் அவளே என் சென்டருக்கு வந்து, "போலாம் நர்ஸம்மா" என்றாள்.

அந்த ஆபரேஷன் பலித்ததா என்று எல்லோரும் கேட்பார்கள். அது அவள் சொல்ல வேண்டிய சேதி. நான் சொல்வது அந்த ஆஸ்பத்திரி கவுண்டரில் நடந்ததை மட்டும்தான்.

கவுண்டரில் ஒரு பெண் தலையைக் கவிழ்த்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். அசலாக என்னைப் பார்த்த மாதிரியே இருந்தது. நிமிராமல் கேட்டாள்: "எத்தனை கொழந்தைம்மா?"

எனக்குப் பதறிவிட்டது. "இருங்க, நான் சொல்றேன்" என்று பாய்ந்தேன். இவள் என் இடது மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"ரெண்டு" என்றாள்.

"பேரு?"

இரண்டு பெயரையும் சொன்னாள், அந்த ஹால் முழுக்கக் கேட்கும்படி. அவற்றை இங்கே எழுத மாட்டேன், அவை அவளுடையவை. எழுதிக்கொண்டிருந்தவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "கூட வந்தது யாரும்மா?"

"இவங்கதான்" என்றாள். "அன்னிக்கும் இவங்கதான்."

கவுண்டர் பெண் பாரத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். எனக்கு எழுத்தே தெரியவில்லை, கண் மறைத்தது. "கைய விடும்மா, கையெழுத்துப் போடணும்" என்றேன்.

அவள் விடவில்லை. விரல்கள் என் வாட்ச் வாரின் மேல் இறுகியிருந்தன. "அந்தக் கையால போடுங்க" என்றாள்.