பழுப்பாகிப் போன தாலி

எங்கள் தீவு நாட்டில், நவுவா என்ற ஊரின் பள்ளி ஒன்றில் நான் வேதியியல் ஆசிரியராக இருந்தேன். ஆட்சியைக் கவிழ்த்த வாரத்தில் பள்ளியை மூடினார்கள்; ஆய்வுக்கூடத்தின் சாவி என்னிடம் இருந்தது. ஆற்றின் மேல்பக்கத்தில் எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினரின் வீடுகளில் புகுந்து நகை பறிக்கிறார்கள் என்று தினமும் செய்தி வந்தது. தெருவில் ஒரு வேன் மெதுவாகப் போனால்கூட நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம்.

எங்கள் சமூகத்துப் பெண்கள் அப்போது தங்கத்தைக் கழற்றிவிட்டு, மஞ்சள் துண்டைக் கயிற்றில் முடிந்து கட்டிக்கொண்டார்கள். என் மனைவியும் தாலியையும் வளையல்களையும் என்னிடம் கொடுத்தாள். வீட்டில் நாங்கள் ஹிந்திதான் பேசுவோம். பயந்தால் அவளுக்குத் தமிழ் வந்துவிடும்.

"அரிசி டின்னுக்குள்ளாற வைங்க. வேற எங்கயாச்சும் வச்சா எங்கிட்ட சொல்லிடுங்க."

அரிசி டின்னைத்தான் முதலில் கவிழ்ப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். அவளைக் கேட்காமல் நகைகளை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் அமிலக் கலவையில் கரைத்தேன். இரும்பு உப்பைச் சேர்த்ததும் தங்கம் தூளாக அடியில் இறங்கியது. மஞ்சளாக அல்ல, சேற்றுப் பழுப்பாக. வழவழப்பான தங்கம் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அதனால் மின்னுகிறது. அதையே மாவாக்கிவிட்டால், ஒளி துகள்களின் இடுக்குகளில் நுழைந்து அங்குமிங்கும் மோதி, பெரும்பகுதி வெளியே வருவதில்லை. வெள்ளியும் பிளாட்டினமும் கறுத்தே போகும். வருடாவருடம் வகுப்பில் சொன்ன பாடம்தான். தூளைக் கழுவி உலர்த்தி, ஒரு சிறு குப்பியில் அடைத்து, சமையலறை அலமாரியில் சீரகப் பொடிக்குப் பக்கத்தில் வைத்தேன். "பத்திரமாக இருக்கிறது" என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

ஒரு மத்தியானம் முகத்தில் துணி கட்டிய இளைஞர்கள் சிலர் உள்ளே வந்தார்கள்.

"மாஸ்டர், தங்கம் எங்கே?" என்று ஒருவன் ஹிந்தியில் கேட்டான். என் பழைய மாணவன் ஒருவனின் குரல் போல இருந்தது. இன்றும் எனக்கு உறுதியில்லை.

"வித்துட்டேன், வெளிநாடு போக டிக்கெட் வாங்கறதுக்கு" என்றேன்.

"எல்லா மாஸ்டரும் டிக்கெட் வாங்கிட்டா என் தம்பிக்கு யாரு பாடம் சொல்றது?" என்றான் இன்னொருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அரிசி டின் கவிழ்ந்தது. அடுத்து அலமாரியைத் தட்டிவிட்டார்கள். குப்பி சிமெண்டுத் தரையில் உடைந்து தூள் சிதறியது. ஒருவன் அதை மிதித்துக்கொண்டு போய்த் திரும்பினான். அவன் குதிகால் அழுந்தித் திரும்பிய இடத்தில் மஞ்சளாக ஒரு கீற்று மின்னியது. அழுத்தித் தேய்த்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வழவழப்பாகும், நிறமும் திரும்பிவிடும். நகையை ஒளித்த நாளின் பயத்தில் நான் அதை நினைத்தே பார்த்திருக்கவில்லை.

ஓரடி நகர்ந்து அந்தக் கீற்றின்மேல் வெறுங்காலை ஊன்றி நின்றேன். சுவரோரம் நின்றிருந்த என் மனைவி பார்த்தாள். முதலில் என் காலை, பிறகு என் முகத்தை.

ரேடியோவையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு அவர்கள் போனார்கள். நான் காலை எடுத்தபோது கீற்று அகன்றிருந்தது. உள்ளங்காலிலும் பொன் ஒட்டியிருந்தது.

"இதுவா என் தாலி?" என்றாள், தமிழில்.

நான் ஒளியையும் துகள்களையும் விளக்க ஆரம்பித்தேன்.

"அதையா கேட்டேன்? எங்கிட்ட ஏன் சொல்லல? என் தாலி மேலயே ஏறி நிக்கிறீங்க. அது தாலின்னு எனக்கே தெரியல."

நான் துடைப்பத்தால் தூளைக் கூட்டி அள்ளினேன். அவள் உதவிக்கு வரவில்லை.

ஆக்லாந்துக்குக் குடிபெயர்ந்த பிறகு ஒரு நகைக்கடைக்காரர் அதை உருக்கினார். பழைய மஞ்சள் அப்படியே திரும்பியது. புதுத் தாலி செய்து கொண்டுவந்து நீட்டினேன். "நல்லாருக்கு. பீரோவுல வைங்க" என்றாள். இன்றும் அவள் கழுத்தில் மஞ்சள் கயிறுதான்.

தங்கம் ஏன் பழுப்பானது என்று அதன் பிறகும் பலமுறை அவளுக்கு விளக்கியிருக்கிறேன். அவள் கேட்டதற்குப் பதில் சொன்னதில்லை. மறதியாலோ அவசரத்தாலோ நான் சொல்லாமல் விடவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.