வலிப்பும் சாவிக்கொத்தும்

போன வாரம் ஆரல்வாய்மொழியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை பரமசிவம் என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவன். தாலியைக் கையில் எடுத்துவிட்டான். அந்த நேரத்தில் மணப்பெண் தங்கம்மை அப்படியே சரிந்தாள். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது.

வலிப்பு.

அவ்வளவுதான், பந்தலில் இருந்த இரும்பெல்லாம் மணவறைக்கு வந்துவிட்டது. ஒருவர் சாவிக்கொத்து. ஒருவர் அரிவாள். சமையல்காரர் சாம்பார் வடியும் சட்டுவத்தோடு ஓடிவந்தார்!

பரமசிவம் குத்துவிளக்கைத் தள்ளி வைத்தான். மேல்வேட்டியை மடித்து அவள் தலைக்கடியில் கொடுத்தான்.

"அமுக்கிப் பிடிக்காதீங்க. வாயில ஒண்ணும் வைக்காதீங்க. தானா நிக்கும்."

நின்றது. அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தான். யாரோ சோடாவை நீட்டினார்.

"நல்லா முழிக்கட்டும் அண்ணாச்சி. பொறவு கொடுக்கலாம்."

இதெல்லாம் இவனுக்கு எப்படித் தெரியும்? பெண் பார்க்கப் போன அன்றே தங்கம்மை சொல்லிவிட்டாளாம் — "எனக்கு வலிப்பு உண்டு. மாத்திரை தின்னுட்டிருக்கேன். சம்மதம்னா மேல பேசுங்க." இவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி நர்ஸிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டான். மாத்திரை தவறக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது என்றும் அந்த நர்ஸ் அம்மாள் சொல்லியிருக்கிறார். கல்யாண வீட்டில் பெண்ணை யார் தூங்கவிட்டார்கள்?

பரமசிவத்தின் தாய்மாமன் அவன் காதோரம் குனிந்தார். "லேய், தாலி இன்னும் ஏறல்ல. யோசிச்சுக்கோ."

"அவ சொன்ன அண்ணைக்கே யோசிச்சாச்சு மாமா."

புரோகிதருக்கு வேறு கவலை. "முகூர்த்தம் போகுதே..."

"போகட்டும்," என்றாள் பரமசிவத்தின் அம்மா. "நேரத்துக்கா தாலி கெட்டுகான்? அவளுக்குல்லா. மத்தியானம் ஒரு நல்ல நேரம் பாரும்."

தங்கம்மை மெல்லக் கண் திறந்தாள். கை கழுத்தைத் தடவியது. தாலி இல்லை. கண் கலங்கிவிட்டது.

"போயிட்டீங்களோன்னு நெனச்சேன்."

"எங்க போக? இங்கதான் இருக்கேன். நீ ஒறங்கு."



நம்மிடம் ஒரு வேடிக்கை. வலிப்பு தானாக நிற்கிறது. பெயரைச் சாவிக்கொத்து தட்டிக்கொண்டு போகிறது! அதுவரை பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒன்றுமில்லை.

தங்கம்மை நன்றாகத் தூங்கி எழுந்து, மத்தியானம் சிரித்த முகத்தோடு தாலி கட்டிக்கொண்டாள். அதற்குள் வந்தவர்களுக்குப் பசி... பந்தி முதலில், தாலி பிறகு என்று ஆகிவிட்டது.

முறை மாறினாலும், பாயாசத்தில் ஒரு குறையும் இல்லை.